மாறியின் மதிப்பைத் திரைக்குக் கொண்டு வருதல்

இந்த இயலில் நாம் எழுதப்போகும் மோட், அதாவது இருக்கும் ஆட்டத்தில் நாம் சேர்க்கும் மாற்றம், ஒரு பால் லாரி ஓட்டம். கெடாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் காலை வெட்டு முடிந்திருக்கிறது. மங்குகளில் வடிந்த பால் வாளிகளில் சேர்ந்து, பால் கொட்டகைகளுக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு மூன்று கொட்டகைகளில் நிறுத்திப் பாலை ஏற்ற வேண்டும். பால் கட்டியாகும் முன் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே பாலின் அளவும் அதிலுள்ள ரப்பர் விகிதமும் கணக்கிடப்பட்டு, ரிங்கிட்டில் கூலி வரும்.

இந்தக் கதையை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். கெடாவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதியாக மாறிய இடங்களும் பல. தாத்தாவும் பாட்டியும் வெட்டிய நிரைகள் எங்கே இருந்தன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், இன்று கையை நீட்டிக் காட்ட ஒரு மரம்கூட இல்லாத ஊர்கள் இருக்கின்றன. ஒரு மோட்டில் அந்த லயத்தையும் கொட்டகையையும் மண் சாலையையும் திரும்பக் கட்டலாம். அந்த வேலை நன்றாக நடக்க வேண்டுமென்றால் நிரல் ஒழுங்காக ஓட வேண்டும்.

களமாக ஜி.டி.ஏ. சான் அண்ட்ரியாஸை எடுத்துக்கொள்கிறோம். கணினிப் பதிப்பு 2005 ஜூனில் வந்தது. வயதான மடிக்கணினியிலும் ஓடும். கிராமப்புறச் சாலைகள் அதில் ஏற்கெனவே ஏராளம். நிரல் எழுத சானி பில்டர், எழுதிய நிரலை ஆட்டத்துக்குள் ஏற்ற க்ளியோ. இரண்டையும் உருவாக்கியவர் சீமன் என்ற புனைபெயரில் அறியப்படும் நிரலாளர். ஆட்டத்தின் 1.0 பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மோட்கள் அதை நம்பி எழுதப்பட்டவை.

லாரி ஓட்டத்துக்கு நான்கு மாறிகள் போதும். 0@ ஏற்றிய பாலின் லிட்டர். 1@ லாரியை அடையாளம் காட்டும் எண். 2@ பாலின் ரப்பர் விகிதம். 3@ கடைசியில் கிடைக்கும் உலர் ரப்பரின் எடை. இப்படி @ குறியோடு வருபவை அந்த ஒரு நிரலுக்கு மட்டும் சொந்தமானவை. $ குறியோடு வருபவை ஆட்டத்தின் மூல நிரலோடு பகிர்ந்துகொள்ளும் பொது மாறிகள். க்ளியோ நிரலில் உங்களுடைய கணக்குகளை $ மாறிகளில் வைக்காதீர்கள். மூல நிரல் அதே இடத்தில் வைத்திருக்கும் வேறு ஏதோ ஒரு கணக்கு அழிந்துபோகும்.

நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கிறீர்கள். லாரி வருகிறது, கொட்டகையில் நிற்கிறது, ஆலைக்குப் போகிறது, கூலி மட்டும் வரவில்லை. இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, நிரலில் சந்தேகம் தட்டும் ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டுவது. சரியாகாவிட்டால் இன்னொரு வரி. பத்து வரி மாறிய பிறகு, முதலில் இருந்த பிழை எது, புதிதாக நுழைந்த பிழை எது என்று பிரித்தறிய முடியாது. நிரலில் கை வைக்கும் முன், மாறிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். இந்த இயல் முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றியதுதான்.

பால் எவ்வளவு கெட்டி என்று ஆலையில் யாரும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் இறக்கி, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். திரையில் தெரியும் எண் உங்கள் நிரலுக்கு அந்த மிதவை.

சாதாரண மென்பொருளில் ஓட்டத்தை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு மாறியாகத் திறந்து பார்க்கும் கருவிகள் உண்டு. ஆட்டத்தில் அது எளிதல்ல. முழுத்திரையில் ஓடும் ஆட்டத்தை நிறுத்தினால் லாரியும் நின்றுவிடும்; நீங்கள் தேடும் பிழை லாரி ஓடும்போது மட்டுமே வருவதாக இருக்கும். ஆகவே ஓட்டம் ஓடட்டும், எண் அதன் மேலேயே தெரியட்டும். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கும் இதே தேவை இருந்திருக்கிறது. 0662, 0663, 0664 என்ற மூன்று கட்டளைகள் முறையே சொல், முழு எண், தசம எண் ஆகியவற்றை எழுதிக் காட்ட வைத்தவை. விற்பனைக்கு வந்த பதிப்பில் அவை எதையும் செய்வதில்லை. அந்த வேலையை க்ளியோவின் கட்டளைகள் செய்கின்றன.

அவற்றில் நாம் அதிகம் பயன்படுத்தப்போவது 0ஏடி1. இதில் ஏ, டி இரண்டும் ஆங்கில எழுத்துகள். கட்டளை எண்கள் பதினாறடிமான முறையில் எழுதப்படுவதால் இப்படி வரும். இந்தக் கட்டளை திரையின் அடியில், வசனம் வரும் இடத்தில், ஒரு வரியைக் காட்டும். அதற்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலில் மேற்கோள் குறிக்குள் நீங்கள் காட்ட விரும்பும் வரி. அடுத்து, அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது மில்லி நொடியில். 1000 என்றால் ஒரு நொடி. மூன்றாவதாக, எந்த மாறியின் மதிப்பு என்பது. வரிக்குள் மதிப்பு வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் போடுவோம். முழு எண்ணுக்கு டி, தசம எண்ணுக்கு எஃப், சொல்லுக்கு எஸ். எஃப்-க்கு முன்னால் ஒரு புள்ளியும் 2-ம் சேர்த்தால் இரண்டு தசம இடங்களோடு நின்றுகொள்ளும். ஒரே வரியில் பல மாறிகளைக் காட்டலாம். குறிகள் வரும் வரிசையிலேயே மாறிகளையும் எழுத வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் ஒரு பெயர் கட்டாயம் இருக்கட்டும். வெறும் 400 என்று தெரிந்தால் அது லிட்டரா, நொடியா என்று ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்பது வருத்தமான செய்தி. சான் அண்ட்ரியாஸின் எழுத்துருக்கள் படங்களாக வரையப்பட்டவை; அந்தப் படத்தில் தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லை. தமிழில் தட்டினால் பொருளற்ற குறிகளே திரையில் வரும். பால், விகிதம், எடை என்று மனத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள். இரண்டு அலைக்குறிகளுக்கு நடுவே ஆர் என்ற எழுத்தை இட்டால் அதன்பின் வருவது சிவப்பாகும், ஜி பச்சை, என் இட்டால் அடுத்த வரிக்குப் போகும். பிழை நிலையைச் சிவப்பிலும் சரியான நிலையைப் பச்சையிலும் காட்டினால், ஓட்டிக்கொண்டே கவனிக்க வசதி.

0ஏடி1-க்கு அருகிலேயே 0ஏடி0 இருக்கிறது. பார்க்க ஒன்றுபோலத் தெரியும், குணம் வேறு. 0ஏடி1 ஏற்கெனவே திரையில் இருப்பதைத் தள்ளிவிட்டு உடனே வந்து நிற்கும். 0ஏடி0 தன் முறை வரும்வரை காத்திருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைக் காட்ட இரண்டாவதைப் பயன்படுத்தினால், திரையில் நீங்கள் பார்ப்பது சில நொடிகளுக்கு முந்தைய மதிப்பாக இருக்கலாம். பழைய எண்ணை நம்பி நிரலைத் திருத்துவது ஒன்றும் தெரியாமல் திருத்துவதைவிட மோசம்.

இனி லாரிக்கு வருவோம். 0@-ஐத் திரையில் காட்டியபடி முதல் கொட்டகைக்கு ஓட்டுங்கள். முடிந்தால் ஓட்டுவதற்கு வேறொருவரை உட்கார வையுங்கள். ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்கும், உங்கள் கண் எண்ணில் இருக்க வேண்டும். தங்கச்சி ஓட்டினால், கொட்டகையில் லாரி நின்றதும் அவளே சொல்லிவிடுவாள்: “அண்ணே, எண்ணு நிக்கவே மாட்டேங்குது, ஏறிக்கிட்டே போகுது.”

கொட்டகைக்கு 200 லிட்டர் என்று எழுதியிருந்தீர்கள். திரையில் 200, 400, 600 என்று பறந்து, நான்கு நொடியில் 20,000-ஐத் தொடுகிறது. இந்த ஓட்டத்துக்குள் போய்ப் பார்ப்போம். நிரலின் நடுவில் ஒரு சுழற்சி இருக்கிறது. அதில் காத்திரு 0 என்ற கட்டளை உண்டு. திரையின் ஒரு சட்டகம் வரையப்பட்டதும் நிரல் மறுபடி ஒரு சுற்று ஓடும் என்று அதற்குப் பொருள். அந்தக் கட்டளையை எடுத்துவிட்டால் நிரல் ஆட்டத்துக்கு வழிவிடாது, திரை உறைந்துபோகும். சட்டகக் கட்டுப்பாடு போட்ட நிலையில் சான் அண்ட்ரியாஸ் நொடிக்கு ஏறத்தாழ 25 சட்டகங்கள் வரையும். லாரி கொட்டகையைச் சுற்றி நாம் குறித்த வட்டத்துக்குள் நின்றால் 200 கூட்டு என்று மட்டும் எழுதியிருந்தால், ஒரு நொடி நின்றாலே 25 முறை கூட்டப்படும். நான்கு நொடியில் 100 முறை, 20,000 லிட்டர். நிரல் சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறது. ஒரு முறை மட்டும் என்று நாம் சொல்லவில்லை.

திருத்தம் சின்னது. 4@ என்று இன்னொரு மாறியைக் கொடியாக வையுங்கள். தொடக்கத்தில் 0. பாலை ஏற்றியதும் 1. வட்டத்துக்குள் நிற்பதோடு 4@ 0 ஆகவும் இருந்தால் மட்டும் கூட்டு. லாரி வட்டத்தை விட்டு வெளியே போனதும் கொடியை மறுபடி 0 ஆக்கினால், ஆட்டக்காரர் அதே கொட்டகைக்குத் திரும்பி வந்து மறுபடி ஏற்றிக்கொள்வார். அது வேண்டாமென்றால் மூன்று கொட்டகைக்கும் மூன்று கொடி. இப்போது 0@-ஐயும் கொடியையும் ஒரே வரியில் காட்டி ஓட்டிப் பாருங்கள். எண் 200-இல் நின்று, கொடி 0-இலிருந்து 1 ஆவது கண்ணெதிரே தெரியும். திருத்தம் வேலை செய்கிறதா என்பதையும் திரையில் பார்த்தே உறுதி செய்யுங்கள். ஆட்டம் சரியாகப் போவதுபோலத் தோன்றுவது போதாது.

மூன்று கொட்டகையும் முடிந்து 0@ 600 என்று நிற்கிறது. ஆலைக்குப் போகிறோம். இன்னும் கூலி வரவில்லை. மரத்திலிருந்து இறக்கும் பாலில் உலர் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் நீர். ஆகவே விகிதத்தை 33 என்று வைத்து, 33-ஐ 100-ஆல் வகுத்து, வந்ததை லிட்டரால் பெருக்கி 3@-இல் வைக்கிறோம். லிட்டரைக் கிலோவாக எடுத்துக்கொள்வது ஆட்டத்துக்குப் போதுமான தோராயம். தாளில் எழுதினால் 198 கிலோ. 3@-ஐத் திரையில் காட்டினால் 0.

ஒரே இடத்தில் காட்டினால் 0 என்பது மட்டும்தான் தெரியும், எங்கே 0 ஆனது என்பது தெரியாது. வகுத்ததும் ஒரு முறை, பெருக்கியதும் ஒரு முறை காட்டுங்கள். நடுவில் அரை நொடி காத்திருக்க வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது வரி முதல் வரியைத் தள்ளிவிடும். வகுத்த உடனேயே 0 என்று தெரியும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் கிடைக்கும். 33-ஐ 100-ஆல் வகுத்தால் 0, மீதி தூக்கி எறியப்படும். பிறகு 600-ஆல் பெருக்கினாலும் 6 கோடியால் பெருக்கினாலும் 0 தான். முதலில் பெருக்கிப் பிறகு வகுத்தால் 600 × 33 = 19,800; 100-ஆல் வகுக்க 198. வரிசையை மாற்றியதே திருத்தம்.

இன்னொரு வழி, விகிதத்தைத் தசம எண்ணாக 0.33 என்று வைப்பது. அங்கே வேறொரு வலை விரித்திருக்கிறது; புதிதாக எழுதுபவர்களில் பலர் அதில் விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்த ஆட்டத்தின் மாறிகளுக்கு வகை கிடையாது. ஒவ்வொன்றும் 32 பிட் கொண்ட ஓர் இடம், அவ்வளவுதான். அதில் இருப்பது முழு எண்ணா தசமமா என்று மாறிக்குத் தெரியாது. எந்தக் கட்டளை அதைத் தொடுகிறதோ அந்தக் கட்டளையே முடிவு செய்யும். 0@-இல் 1 என்று வைப்பதும் 1.0 என்று வைப்பதும் வேறு வேறு கட்டளைகள். சானி பில்டர் நீங்கள் இட்ட புள்ளியைப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 1.0 என்று வைத்துவிட்டு டி குறியோடு காட்டினால் திரையில் 1065353216 என்று வரும். 100.0 என்றால் 1120403456. இப்படி நூறு கோடிக்கு மேல், 1-இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணைப் பார்த்தால் பதற வேண்டாம். மாறி கெடவில்லை, தசமத்தை முழு எண்ணாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுபக்கமும் உண்டு: முழு எண் 100-ஐ எஃப் குறியோடு காட்டினால் 0.000000 என்று வரும். இதைப் பார்த்து மாறி காலியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் அதே மாறியை ஒரே வரியில் இரண்டு குறியிலும் காட்டிவிடுங்கள். எந்த எண் பொருளோடு இருக்கிறதோ அதுதான் அதன் வகை.

காட்சியில் குழப்பம் என்றால் குறியை மாற்றினால் போதும். கணக்கிலேயே இரண்டும் கலந்துவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டும். 0093 முழு எண்ணைத் தசமமாக்கும். 0092 தசமத்தை முழு எண்ணாக்கும். லிட்டர் முழு எண், விகிதம் தசமம் என்றால், 0093 கொண்டு லிட்டரை மாற்றி இன்னொரு மாறியில் வைத்துப் பெருக்குங்கள்.

அடுத்தது இடம். சான் அண்ட்ரியாஸின் வரைபடம் நடுவில் சுழியம் வைத்து, இரு திசையிலும் −3000 முதல் 3000 வரை விரிகிறது. 1@-இல் உள்ள லாரியின் இடத்தை மூன்று மாறிகளில் வாங்கி, இரண்டு தசம இடத்தோடு காட்டியபடி ஓட்டுங்கள். கொட்டகை வர வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெரியும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பார்த்து உத்தேசமாக எண் போடுவதைவிட இது நம்பகமானது. லாரி சரியாக அந்த எண்ணில் நிற்கிறதா என்று சமக்குறி போட்டுச் சோதிக்காதீர்கள். நின்றுகொண்டிருக்கும் லாரியின் எண்ணிலும் கடைசி இலக்கங்கள் நடுங்கிக்கொண்டே இருப்பதைத் திரையில் நீங்களே காண்பீர்கள். ஓர் ஆரம் வைத்து, அதற்குள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லாரியின் உடல்நிலையையும் காட்டி வைப்பது நல்லது. 0227 அதைத் தரும். முழு நிலை 1000. 250-க்குக் கீழே போனால் தீப்பிடிக்கும். லாரி வெடித்து மறைந்த பிறகும் 1@-இல் பழைய எண் அப்படியே இருக்கும். அந்த எண்ணை வைத்து இல்லாத லாரியின் இடத்தைக் கேட்டால் ஆட்டமே மூடிக்கொள்ளும். கேட்கும் முன் 0119 கொண்டு லாரி அழிந்துவிட்டதா என்று சோதியுங்கள்.

நேரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 32@, 33@ இரண்டும் தாமாகவே மில்லி நொடிக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும் கடிகார மாறிகள். இது தெரியாமல் 32@-இல் லிட்டரைச் சேமித்தால், யாரும் ஏற்றாமலே பால் பெருகும். அம்மோனியா சேர்க்காத பால் சில மணி நேரத்தில் கட்டத் தொடங்கும். ஆட்டத்தின் கடிகாரத்தில் ஒரு நிமிடம் என்பது நம் கடிகாரத்தில் ஒரு நொடி. ஆறு மணி நேரக் கெடு என்றால் 360 நொடி. 32@ 3,60,000-ஐத் தொட்டதும் பால் கட்டிப்பாலாகிவிட்டது என்று அறிவிக்கலாம். இதை நொடியில் காட்ட 32@-ஐ 1000-ஆல் வகுக்கத் தோன்றும். 32@-ஐயே வகுத்துவிட்டால் கடிகாரமே குறைந்துபோகும்; கெடு ஒருபோதும் வராது. மதிப்பை முதலில் 5@-இல் பிரதி எடுத்து, 5@-ஐ வகுத்துக் காட்டுங்கள். பிழை தேட வந்த வரி புதுப் பிழையை உண்டாக்குவது பெரும்பாலும் இப்படித்தான். காட்டுவதற்கென்று எப்போதும் ஒரு தனி மாறி வைத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் மதிப்பைவிட வழிதான் தெரிய வேண்டும். நிரல் எந்தக் கிளைக்குள் போனது, எதற்குள் போகவே இல்லை? ஒவ்வொரு கிளையின் வாயிலிலும் 1, 2, 3 என்று ஓர் எண்ணைக் காட்டும் வரியை வையுங்கள். ஆலைக்கு வந்தும் 3 வரவில்லை என்றால் கூலிக் கணக்கைத் தோண்ட வேண்டியதில்லை. அந்த வாயிலின் நிபந்தனையைப் பாருங்கள்.

ஆட்டம் மூடிக்கொண்டால் திரையும் போய்விடும், அதில் இருந்த எண்ணும் போய்விடும். அப்படிப்பட்ட பிழைக்கு அதே வரியை ஒரு கோப்பில் எழுத வேண்டும். க்ளியோவில் கோப்பைத் திறக்க, வடிவமைத்த வரியை எழுத, மூடக் கட்டளைகள் உள்ளன. ஒவ்வொரு முறையும் எழுதியதும் கோப்பை மூடிவிடுங்கள். திறந்தபடி இருக்கும்போது ஆட்டம் விழுந்தால், கடைசியாக எழுதிய வரிகள் வட்டுக்குப் போய்ச் சேராமல் போகலாம். உங்களுக்கு வேண்டியதோ அந்தக் கடைசி வரிதான்.

வேறு ஆட்டங்களில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல். இணைய மையங்களில் டோட்டா ஆடி வளர்ந்த தலைமுறைக்கு வார்கிராஃப்ட் 3-இன் வரைபடத் தொகுப்பான் தெரிந்திருக்கும். அதில் எண்ணை அப்படியே திரைக்கு அனுப்ப முடியாது. முதலில் சொல்லாக மாற்றிவிட்டுச் செய்தியில் சேர்க்க வேண்டும். மைன்கிராஃப்ட்டில் புள்ளிப் பலகையை வலப்பக்கம் நிரந்தரமாக நிறுத்தி வைக்கலாம். 15 வரி வரை தெரியும். அது முழு எண்ணை மட்டுமே ஏற்கும். 12.75 என்ற இடத்தைக் காட்ட 100-ஆல் பெருக்கி 1275 ஆக வைத்துக்கொள்வார்கள். நொடிக்கு 20 துடிப்பு ஓடும் ஆட்டம் அது. கொட்டகையில் பால் பறந்த பிழை அங்கேயும் அதே காரணத்தால், நொடிக்கு 20 முறை என்ற கணக்கில் வரும்.

மோட்டை வெளியே கொடுக்கும் நாள் வந்ததும் காட்டும் வரிகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள். 6@ என்ற மாறியைச் சாவியாக்கி, அது 1 ஆக இருக்கும்போது மட்டும் எல்லாக் காட்சியும் ஓடும்படி நிபந்தனை போடுங்கள். எஃப்5 விசையை அழுத்தினால் 6@ 0-க்கும் 1-க்கும் மாறட்டும். அந்த விசையின் எண் 116. விசையை அழுத்திப் பிடிக்கும் சிறு நேரத்திலும் சுழற்சி பல முறை ஓடும் என்பதால், மாற்றியதும் கால் நொடி காத்திருக்க வையுங்கள். பிறகு மோட்டோடு போகும் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஏதாவது கோளாறு என்றால் எஃப்5-ஐ அழுத்தி, எண்கள் தெரியும்போது திரையைப் படம் பிடித்து அனுப்பவும். பாலிங்கிலோ லுனாஸிலோ யாரோ ஒருவர் கணினியில் மட்டும் வரும் பிழையை நீங்கள் சுங்கை பட்டாணியில் இருந்தபடியே அந்தப் படத்தில் தேடிப் பார்க்கலாம்.